கல்யாணச் சேலையில் ஓர் இரும்புப் பின்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆனி மாதம். சாரல் நன்றாக இறங்கியிருந்தது.

2. அக்கா ஒரு முகூர்த்தப் பட்டை மடிப்பெடுத்து, தேய்த்து, மடிப்பு கலையாமல் பின் குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். தென்காசியில் அவள் செய்யும் தொழில் அது.

3. பின்கள் எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர். இந்தத் தகவலைப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் அச்சடிக்கலாம் என்று யோசனை சொன்னது நான்.

4. பெண் வீட்டில் அட்டையைப் படித்தார்கள்.

5. படித்தவர்களில் ஒருவர், அப்படியானால் இந்தச் சேலையில் இரும்பே இல்லை என்று முடிவு செய்து, தன்னிடம் இருந்த ஓர் இரும்புப் பின்னை அதில் குத்தி வைத்தார்.

6. பெட்டி குற்றாலத்தில், அருவிச் சத்தம் கேட்கிற ஒரு வீட்டில், மர பீரோவுக்குள் இருந்தது.

7. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்தார்கள்.

ஏழாவதிலிருந்து விரிவாகச் சொல்கிறேன்.

காப்பிக் கலர்

கல்யாணப் பெண் கோமதிதான் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அக்கா இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வீடு வரைக்கும் வாரீங்களா? சேலையில ஒரு புள்ளி இருக்கு."

"என்ன புள்ளி?"

"காப்பிக் கலர்ல."

"எங்கன?"

"தோள்ல. மடிப்புக்கு மேலயே."

அக்கா தேய்ப்புப் பெட்டியை அணைத்தாள். அணைத்ததை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது, கையை உதறிக்கொண்டாள்.

"ஏட்டி, வண்டிய எடு."

என் வேலை வீட்டிலிருந்தபடியே செய்வது. ஒரு கம்பெனிக்கு இயந்திர பாகங்களின் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அன்றைக்கு ஒரு பம்பின் அச்சு பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று எழுந்தேன்.

பின் என்று ஒரு சொல்

போகிற வழியில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பின் என்ற ஒரு சொல்லை வைத்து எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிடலாம். காலையில் அக்கா "என் பின்ன எங்கட்டி?" என்று கேட்டால் அது தலைக்குக் குத்துவது. சேலை கட்டி முடித்தபின் கேட்டால் ஊக்கு. அப்பா "சின்ன பின் இருக்கா?" என்று கேட்டால் பழைய போனின் சார்ஜர். அவருடைய புதுப் போனுக்கு வேறு வாய் வந்துவிட்டது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, "அந்த இன்னொண்ணு" என்கிறார்.

ஜெராக்ஸ் கடையில் அண்ணாச்சி "பின் அடிச்சுரவாம்மா?" என்று கேட்டால் தாள்களைச் சேர்த்து ஸ்டாப்ளர் போடவா என்று அர்த்தம். பணம் எடுக்கிற இயந்திரம் கேட்கும் பின், தபால்காரர் கேட்கும் பின், கிரைண்டர் வாங்கினால் மூன்று பின்னா இரண்டு பின்னா என்று எலெக்ட்ரீஷியன் கேட்பது எல்லாம் தனி. செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது வாந்தி வரவழைக்கிற வளைவுக்கும் தலையில் குத்துகிற பின்னின் பெயர்தான். தமிழில் பின் என்றால் பிறகு. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனை இருந்தும் யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கிறவரின் கையைப் பார்த்தால் போதும், எந்தப் பின் என்று தெரிந்துவிடும்.

கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்தேன். அங்கேயும் பின். பிஸ்டனில் ஒன்று, சைக்கிள் பெடலில் ஒன்று, இரண்டு தகடுகள் நகராமல் இருக்க ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது ஷியர் பின். இயந்திரத்தில் தாங்க முடியாத பளு வந்தால் மற்ற எதுவும் உடைவதற்கு முன் தான் உடைந்துபோவதற்கென்றே செய்து வைக்கிற பின் அது. எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு. இதைப் பாடம் நடத்திய சார், "வீட்டுல மூத்த மருமக மாதிரி" என்று உதாரணம் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். பரீட்சையில் அதை எழுதவில்லை.

பரீட்சையில் எழுத முடியாத இன்னொரு பயன்பாடும் உண்டு. திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கல்லூரி போன காலத்தில் அம்மா என் பையின் வாரில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்ட நேரத்தில் பின்னால் நிற்கிறவன் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால், ஊக்கைத் திறந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பயன்படுத்தியிருக்கிறேன். அவன் "ஆ" என்றான். கண்டக்டர் திரும்பி, "என்னண்ணே?" என்றார். அவன் ஒன்றுமில்லை என்று அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். ஆலங்குளத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். ஆலங்குளம் வெகுதூரம் இருந்தது.

சரி, குற்றாலம் வந்துவிட்டது.

பேச்சி அத்தை

சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வழிய, துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, ரோட்டின் நடுவில் நடக்கிறவர்களைத் தாண்டி வண்டியை ஓட்ட வேண்டும். ஹாரன் அடித்தால் எண்ணெயோடு சிரிப்பார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாரல் முகத்தில் அடித்தது.

கோமதி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கோமதியின் அம்மாவுக்கு அக்கா. அந்தக் கல்யாணம் அவர் சொல்படி நடந்துகொண்டிருந்தது. எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும், யார் எந்தத் தட்டைத் தூக்க வேண்டும், யார் எதையும் தூக்க வேண்டாம் என்பதெல்லாம் அவர் முடிவு. கோமதியின் அம்மா தங்கை. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு ஒன்றும் இல்லை.

எங்களைக் கோமதி பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே பேச்சி அத்தை நின்றிருந்தார்.

பேச்சி அத்தை கோமதியின் அப்பாவுக்குத் தங்கை. சின்ன வயதில் கணவர் இறந்துவிட, அண்ணன் வீட்டோடு வந்துவிட்டார். சத்துணவுக் கூடத்தில் வேலை. கோமதிக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்னியது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது, பரீட்சைக்குக் கூடவே முழித்தது எல்லாம் அவர்தான். நாளைக் காலை இலஞ்சி முருகன் கோவிலில் முகூர்த்தம். அந்த நேரத்தில் பேச்சி அத்தை வீட்டில் இருக்க வேண்டும் என்று பெரியம்மா ஏற்பாடு செய்திருந்தார். காரணம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே சொன்ன காரணம் வேறு: "வீட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்லா."

கோமதி இதை இரண்டு தடவை கேட்டுப் பார்த்திருந்தாள். இரண்டு தடவையும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சோதனை

சேலை கட்டிலில் விரிந்திருந்தது. சந்தன நிறம், அரக்குக் கரை. மாப்பிள்ளை வீட்டில் எடுத்தது. எங்கள் பக்கம் முகூர்த்தச் சேலை அவர்கள் கொடுப்பதுதான். இடது தோளில் வரும் மடிப்பில், கரைக்குச் சற்றுக் கீழே, மிளகு அளவில் ஒரு புள்ளி. அதன் நடுவில் ஊசித் துளை. அக்கா குத்திய பின்கள் எல்லாம் அதனதன் இடத்தில் பளபளவென்று இருந்தன. அவற்றுக்கு நடுவில் தடியாக, பழுப்பாக, வேறு ஜாதியில் ஒன்று.

"நாந்தான் குத்துனேன்" என்றார் பேச்சி அத்தை. யாரும் இன்னும் கேட்கவில்லை.

"ஏன் அத்த?" என்றாள் கோமதி.

"இரும்பு வேணும்லா. கல்யாணச் சேலை. நாலு பேரு கண்ணு படும். இந்தப் பிள்ள அட்டையில எவர்சில்வர்னு போட்டிருந்தா."

இதை மற்ற ஊர்க்காரர்களுக்காக விளக்க வேண்டும். கல்யாணப் பெண், பிள்ளை பெற்றவள், கறிக்குழம்போடு வழியில் போகிற தூக்குச்சட்டி, இவர்கள் பக்கத்தில் ஒரு துண்டு இரும்பாவது இருக்க வேண்டும். ஆணி இருந்தால் ஆணி, சாவி இருந்தால் சாவி. பெண்களுக்குச் சுலபமானது பின். அக்காவிடம் சேலை கொடுக்கிற பலர் இத்தனை பின்கள் இருக்கின்றனவே என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். அட்டை அடித்த பிறகுதான் இந்தக் கேள்வியே எழுந்தது.

"எவர்சில்வரும் இரும்புதான் அத்த" என்றேன்.

"துரு பிடிக்குமா?"

"பிடிக்காது."

"பொறவு எப்பிடிட்டி இரும்பு?"

"பாதிக்கு மேல இரும்புதான். கூட குரோமியம் சேத்திருப்பாங்க. அது மேல ஒரு ஆடை மாதிரிப் படிஞ்சு..."

"நீ படிச்சவ. நான் ஒண்ணும் சொல்லல. இரும்புன்னா துரு பிடிக்கணும். அதான் வளையல்ல கெடந்ததுல லேசாத் துரு இருக்கதாப் பாத்து எடுத்துக் குத்துனேன்."

துருவை வைத்து இரும்பை அடையாளம் காண்பது சரியான சோதனைதான். சோதனை செய்த இடம்தான் சரியில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் அப்பளம் தானாகத் தொய்யும், தீப்பெட்டி பத்தாது, உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். ஆவியில் தேய்த்த பட்டுக்குள் பூச்சு போன ஒரு பின்னை வைத்து பீரோவைச் சாத்தினால் என்ன நடக்குமோ அது நடந்திருந்தது.

"தோள்லதான் குத்தணுமா அத்த?" என்றாள் அக்கா. "உள்பக்கம் குத்தியிருந்தா தெரியாதுல்லா?"

"கண்ணு படுறது அங்கனதான."

அக்கா குனிந்து அந்தப் பின்னை மட்டும் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

எலுமிச்சம்பழம்

என் யோசனைப்படி எலுமிச்சம்பழம் வந்தது. துருவை அமிலம் கரைக்கும், ஆனால் பட்டின் சாயத்தையும் கரைக்கலாம், சரிகையையும் கறுக்க வைக்கலாம். முதலில் இடுப்புக்குள் செருகுகிற ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சாயம் நின்றது. பிறகு காதுக்குள் விடுகிற பஞ்சுக் குச்சியால் புள்ளியைத் தொட்டுத் தொட்டு ஒற்றினேன். அக்கா அடியில் வெள்ளைத் துணி வைத்துப் பிடித்துக்கொண்டாள். காப்பி, டீயானது. டீ, பால் கூடிய டீயானது. அதற்கு மேல் அசையவில்லை.

"போதும்" என்றாள் அக்கா. "இன்னும் தேச்சா நூலு போயிரும்."

"மடிப்ப ஒரு விரக்கட தள்ளி எடுத்தா புள்ளி உள்ள போயிராதா?" என்றேன்.

"கரை கோணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொதல்ல கரையத்தான் பாப்பாங்க."

பேச்சி அத்தை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "நாஞ் செஞ்சதுன்னு வெளிய தெரிஞ்சா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

முடிக்கத் தேவையில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர்கள், இது தெரிந்தால் அவரை இனி இந்த வீட்டின் எந்த நல்ல காரியத்துக்கும் பக்கத்தில் விடமாட்டார்கள். நாளைக்குக் கோமதிக்குத் தலைவலி வந்தால்கூட அது அந்தப் பின்னில்தான் போய் முடியும். இன்னும் பத்து வருடம் கழித்து வந்தாலும் அப்படித்தான்.

"யாரும் சொல்லமாட்டோம்" என்றாள் அக்கா. "பின்னு எங்களோடதுதான். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அக்காவின் தொழில் தொடங்கி அப்போது நன்றாகப் பிடித்துவந்த நேரம். தென்காசி மாதிரி ஊரில், துருப் பின்னைக் குத்தி முகூர்த்தப் பட்டைக் கெடுத்தவள் என்ற பெயர் ஒரு வாரத்தில் ஆலங்குளம் வரை போய்விடும். அக்காவுக்கும் அது தெரியும். இருந்தும் சொன்னாள்.

கதவு திறந்தது. பெரியம்மா.

பெரியம்மாவின் சட்டம்

புள்ளியைப் பார்த்தார். பின்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பாத்தியா. நான் அப்பமே சொன்னேன், வீட்டுல மடிச்சாப் போதும்னு. கடையில குடுத்து மடிக்காளாம். இப்ப யாரு பதில் சொல்லுவா?"

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள் அக்கா.

கோமதி, "பெரியம்மா..." என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். சாயங்கால வரவேற்புக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், வழியில் மழை பிடித்துவிடும் என்று பயந்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா, விவசாய வீட்டு மனுஷி, உயரமானவர், செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்னறைக்கு வந்தார். "எங்கம்மா எம் மருமக?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கட்டிலைப் பார்த்து நின்றார்.

யாருக்கும் சேலையை மூடத் தோன்றவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. ஆனால் நாங்கள் பயந்த மாதிரி இல்லை.

"கடக்காரன் பழசத் தள்ளிவிட்டுட்டானா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாந்தான் பாத்து எடுத்தேன். வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தேனே. அய்ய, உங்க வீட்டுல எங்களப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவர் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டில் கறைச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்துவிடுமே என்று.

"சேலை புதுசுதாம்மா" என்றாள் அக்கா. "பின்னுத் துரு."

"எந்தப் பின்னு?"

"இந்தப் பிள்ளைங்க குத்துன பின்னுதான் மதினி" என்றார் பெரியம்மா. "வேலை தெரியாததுக."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்தேன். பேச்சி அத்தை குனியவில்லை.

"அது அவ பின்னு இல்ல" என்றார். "எம் பின்னு. நாந்தான் குத்துனேன். அவ பின்னுல இரும்பு இல்லன்னு போட்டிருந்தா."

அப்படி நான் போடவில்லை. ஆனால் திருத்துகிற நேரம் அது இல்லை.

 

"நீ எதுக்குட்டி கல்யாணச் சேலையத் தொட்ட?" என்றார் பெரியம்மா. மெதுவாகத்தான் கேட்டார். சத்தமாகக் கேட்டிருக்கலாம்.

 கோமதி எழுந்து பேச்சி அத்தை பக்கத்தில் போய் நின்றாள். 

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பின்னைக் கட்டிலிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"எவர்சில்வர்ல இரும்பு இல்லையாம்மா?"

"இருக்கும்மா. பாதிக்கு மேல."

"துரு பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அப்ப என்னத்த இரும்பு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார். "ஏன் மதினி, காப்புக்குக் குத்துன இரும்பத் தாலி ஏறும் முன்ன எடுக்கலாமா?"

பெரியம்மாவுக்குச் சட்டம் தெரியும். அந்த வீட்டில் சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"எடுக்கக் கூடாது" என்றார்.

"எடுத்துட்டாங்களே. அப்ப திரும்பக் குத்தணும்?"

"குத்தணும்."

"குத்துன கைதான குத்தணும்?"

பெரியம்மா வாயைத் திறந்தார். ஏதோ ஒரு விதிவிலக்கைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் அப்படித் தேடின அனுபவம் உண்டு, வரைபடத்தில் அளவு தப்பிப் போனால். கிடைக்காது.

"வழக்கம் அப்பிடித்தான்" என்றார் கடைசியில்.

"அப்ப சரி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பின்னைப் பேச்சி அத்தையிடம் நீட்டினார். "காலையில கோவில்ல வச்சுத்தான சேலை மாத்துவாங்க. நீங்களே வந்து குத்திவிட்டிருங்க மதினி. புள்ளி மேலயே குத்துங்க, மறைஞ்சிரும்."

பிறகு, வேனில் தலை வலித்துவிட்டது, ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். கோமதியின் அம்மா ஓடினார். அன்றைக்கு அவர் செய்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். காப்பி நன்றாக இருந்தது, எங்களுக்கும் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தெரிந்து செய்தாரா, உண்மையிலேயே காப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டாரா என்று திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கும். ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

இரண்டு பூச்சு

கிளம்பும் முன் எனக்கு ஒரு வேலை இருந்தது. இரும்பு இருக்க வேண்டும், துரு இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பொறியியலில் அதற்கு வழி உண்டு.

கோமதியின் அலங்காரப் பெட்டியில் நகம் தேய்க்கிற அட்டை இருந்தது. அதை வைத்துப் பின்னை வெள்ளை வரும்வரை தேய்த்தேன். சுருளுக்குள் அட்டை போகவில்லை, அங்கே நூலில் எலுமிச்சைச் சாறு தொட்டு இழுத்தேன். நன்றாகத் துடைத்து, தலைமுடி காயவைக்கிற இயந்திரத்தில் காட்டி, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை போட்டேன். பேச்சி அத்தை கூடவே நின்று பார்த்தார்.

"உள்ள இரும்பு இருக்குல்லா?"

"இருக்கு அத்த."

"போயிராதே?"

"போகாது. மேலதான் பூசியிருக்கேன்."

வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப எவர்சில்வர் மாதிரி மின்னுதே" என்றார். குறையாகத்தான் சொன்னார்.

காலையில் இலஞ்சியில் சாரல் விட்டு வெயில் அடித்தது. கோவில் மண்டபத்தின் ஓரத்தில் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். அதற்குள் அக்கா கோமதிக்குச் சேலை கட்டிவிட்டாள். கட்டி முடித்ததும் வெளியே தலையை நீட்டி, "அத்தை வாங்க" என்றாள். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சி அத்தை செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தும் இன்னொரு தடவை காலைக் கீழே தேய்த்துக்கொண்டார். உள்ளே போனார்.  முதல் தடவை பட்டில் இறங்காமல் பின் வழுக்கியது, என் நகப்பூச்சு கொஞ்சம் தடித்துவிட்டது காரணம். இரண்டாவது தடவை இறங்கியது.

"வலிக்கா?" என்று கேட்டார்.

"சேலையிலதான அத்த குத்துதீங்க" என்றாள் கோமதி.

மறைப்பை விலக்கினார்கள். தாலி கட்டும்போது பேச்சி அத்தை தூணுக்குப் பக்கத்தில், மணமேடையைப் பார்க்க முடிகிற இடத்தில் நின்றார். பெரியம்மா ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா அட்சதையை நீட்டினார், பேச்சி அத்தை ஒரு கை எடுத்துக்கொண்டார். வீட்டை அன்று பந்தல்காரர் பார்த்துக்கொண்டார்.

இப்போது

கறை முழுதும் போகவில்லை. கோமதி அதை வெளுக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் ராயகிரியில் இருக்கிறாள், பேச்சி அத்தையோடு தினமும் போனில் பேசுகிறாள்.

அக்காவுக்கு அந்தக் கல்யாணத்தால் வேலை குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

பெரியம்மா இன்னும் பேச்சி அத்தையோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தத் தையில் அவர் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பேச்சி அத்தைக்கென்று தனியாகக் கொடுக்கவில்லை, வீட்டுக்குப் பொதுவாக ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேச்சி அத்தை போகிறார்.